வெளிச்சவ்வும் பஃபர்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உட்சவ்வு, வெளிச்சவ்வு என இரண்டு கொண்ட கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களில் அந்தச் சவ்வுகளைப் பிரிக்கப் புதிதாக வருபவர்கள், முன்னவர்கள் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்வதைக் காண்கிறேன். குழாய்களில் பெயர் எழுதாமல் விடுவது போன்றவை ஒரு முறை பட்டால் திருந்திவிடும். அவற்றை இங்கே எடுக்கவில்லை.

ஈடிடிஏ இருப்பதே தெரியாமல் அதைச் சேர்ப்பது

வெளிச்சவ்வின் புற அடுக்கிலுள்ள லிப்போபாலிசாக்கரைடு (கொழுப்பும் சர்க்கரைச் சங்கிலியும் இணைந்த) மூலக்கூறுகள் எதிர்மின்னேற்றம் உடையவை; ஒன்றையொன்று விலக்க வேண்டிய அவற்றை மெக்னீசியம், கால்சியம் அயனிகளே இடையில் நின்று பிணைத்து வைக்கின்றன. மெக்னீசியம் இருக்கும்போது ட்ரைட்டான் எக்ஸ்-100 என்ற சோப்பு போன்ற பொருள், ஈ. கோலை பாக்டீரியாவின் உட்சவ்வைக் கரைத்துவிட்டு வெளிச்சவ்வுப் புரதங்களைப் பெரும்பாலும் கரையாத படிவிலேயே விட்டுவைக்கும். உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ, அந்த அயனிகளைப் பறித்துக்கொண்டால் இந்தப் பாகுபாடு குலைந்து, வெளிச்சவ்வுப் புரதங்களில் கணிசமான பங்கும் கரைந்துவிடும்.

இதை அறியாதவர் இல்லை. ஆயினும் மாணவி ஒருவர், தம் புரதம் கரைந்ததைக் கண்டு அது உட்சவ்வைச் சேர்ந்தது என்று முடிவுகட்டி, அதற்கேற்ற விளக்கப்படம்கூட வரைந்து வந்தார். புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லைப் பார்த்தால், கரைந்த பகுதியின் தடத்தில் வெளிச்சவ்வுப் புரதமான போரினின் பட்டைகளும் தடிமனாகக் கிடந்தன. போரினே அங்கே இருந்தால் பிரிப்பு நடக்கவில்லை என்றுதான் பொருள். பஃபரில் (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் கரைசலில்) 1 மில்லிமோலார் மெக்னீசியம் இருந்தது. புரதங்களைச் சிதைக்கும் நொதிகளைத் தடுக்கும் புரோட்டீஸ் தடுப்பான் மாத்திரையை, குறிப்பிட்ட கன அளவில் பாதியில் கரைத்திருந்ததால் அதன் செறிவு இரட்டிப்பாகியிருந்தது. அந்த மாத்திரையில் ஈடிடிஏ உண்டு என்பது உறையிலேயே அச்சிடப்பட்டிருந்தது. ஈடிடிஏ ஒன்றுக்கு ஒன்றாகப் பிணைவதால், மெக்னீசியம் முழுவதும் அதற்கே போய்விட்டது. ஈடிடிஏ இல்லாத மாத்திரைகள் தனியாகவே கிடைக்கும் நிலையில், பல வார உழைப்பு இப்படி வீணாவது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது.

ட்ரிஸை அப்பாவி என்று நம்புவது

பஃபர்களில் வழக்கமாகச் சேர்க்கும் ட்ரிஸே அதிகச் செறிவில் வெளிச்சவ்வைத் தளர்த்தும். ஈடிடிஏவும் சேர்ந்தால், செல்சுவரை அரிக்கும் லைசோசைம் நொதி உள்ளே புக வழி கிடைத்துவிடும். அத்தகைய பஃபரில் செல்களைக் கழுவிவிட்டு, கழுவிய நீரில் பெரிப்பிளாசப் புரதத்தை (இரு சவ்வுகளுக்கும் இடையில் இருப்பதை) கண்டதும் அது இயல்பாகச் சுரக்கிறது என்று எழுதிவிடாதீர்கள்.

எஸ்டிஎஸ்ஸோடு பொட்டாசியம்

எஸ்டிஎஸ் என்ற சோப்பு போன்ற பொருள் பொட்டாசியத்தோடு சேர்ந்தால் வீழ்படிவாகும். சோடியம் உப்பையே பயன்படுத்துங்கள்.

ட்ரைட்டானை டயாலிசிஸில் நீக்க முயல்வது

நீங்காது, அதன் மைசெல்கள் (மூலக்கூறுத் திரள்கள்) டயாலிசிஸ் சவ்வின் நுண்துளைகளில் நுழைய முடியாத அளவு பெரியவை.

இரட்டைப் பட்டையைச் சிதைவு என்று எண்ணுவது

வெளிச்சவ்வின் ஓம்ப்-ஏ புரதம் கொதித்தால் ஜெல்லில் ஏறத்தாழ 35 கிலோடால்டனிலும், கொதிக்காவிட்டால் அதற்குக் கீழும் ஓடும். அரைகுறையாகச் சூடாக்கிய மாதிரியில் இரண்டும் தெரியும். உடனே தடுப்பானைக் கூட்டாமல், அதே மாதிரியை நன்கு கொதிக்கவைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள்.