ரேம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பாகங்களை வாங்கிக் கணினியைத் தாமே பொருத்திக்கொள்ளும் நம்மவர்கள் பலர், ப்ராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் கடைகடையாக விலை விசாரித்துவிட்டு, ரேமை (இயங்கும்போது கணினி தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) மட்டும் மிச்சமிருக்கும் ராண்டுக்குத் தக்கபடி கடைசியில் வாங்குகிறார்கள். மதர்போர்டையும் ப்ராசஸரையும் பார்த்துத்தான் ரேமைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை மறப்பதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

ரேமின் இரு தலைமுறைகளான டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்களே (உலோகத் தொடுமுனைகள்) என்றாலும், நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று அமராது. ஏஎம்டி நிறுவனத்தின் ப்ராசஸர்களுக்கான ஏஎம்5 வகை மதர்போர்டுகள் டிடிஆர்5-ஐ மட்டுமே ஏற்கும். இன்டெலின் 12 முதல் 14 வரையிலான தலைமுறை ப்ராசஸர்களோ இரண்டையும் ஏற்பவை. ஆனால் போர்டு பொதுவாக ஒன்றைத்தான் ஏற்கும் என்பதால், போர்டின் முழு மாடல் பெயரைப் படிக்காமல் ரேமுக்குப் பணம் கட்டக்கூடாது. பழைய சர்வர்களிலிருந்து கழற்றி மலிவாக விற்கப்படும் ‘ரெஜிஸ்டர்டு’ வகை டிடிஆர்4 ரேம் ஸ்லாட்டில் கச்சிதமாக அமர்ந்துவிடும், ஆனால் சாதாரண வீட்டுப் போர்டில் கணினி இயங்காது.

இதைவிட அதிகம் பேர் சிக்குவது, இப்போது ஒரு ஸ்டிக் (ஒரு ரேம் பலகை), பிறகு இன்னொன்று என்ற கணக்கில்தான். ஒற்றை ஸ்டிக் போட்டால் இரட்டைச் சேனலின், அதாவது இரு வழியில் ஒரே நேரத்தில் தரவு செல்வதன், பயன் கிடைக்காமல் தரவு செல்லும் வழி பாதியாகிறது. பல மாதம் கழித்து அதே பெயரில் வாங்கும் இன்னொன்றில் உள்ளிருக்கும் சிப் மாறியிருக்கக்கூடும் என்பதால், இரண்டும் குறித்த வேகத்தில் ஒத்துப்போகும் என்ற உறுதி இல்லை. எனவே 32 ஜிபி வேண்டுமென்றால் இரண்டு 16 ஜிபி சேர்ந்த ஒரே கிட்டாக வாங்குவதே முறை. நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் அழகாக இருக்கும்தான், ஆனால் ரைசன் 7000 ப்ராசஸர் வரிசைக்கு ஏஎம்டி அறிவித்துள்ள டிடிஆர்5 வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5200 (நொடிக்கு இத்தனை மில்லியன் தரவுப் பரிமாற்றம்), நான்குக்கு 3600 மட்டுமே. இரண்டு ஸ்டிக்கை எந்த ஸ்லாட்டுகளில் செருகுவது என்பதைப் போர்டின் கையேட்டில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்.

பெட்டியில் 6000 என்றிருக்க, மென்பொருள் 3000 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டினால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பொருளல்ல. ஒரு கடிகாரச் சுற்றுக்கு இருமுறை தரவு போவதையே பெட்டியின் எண் கணக்கிடுகிறது. அந்த எண்ணை மட்டும் பார்ப்பதும் போதாது: 6000 வேகத்தில் சிஎல்30 (சிஎல் என்பது தரவு வர ஆகும் கடிகாரச் சுற்றுகளின் எண்ணிக்கை) என்றால் தாமதம் 10 நானோநொடி, 3200 வேகத்தில் சிஎல்16 என்றாலும் அதே 10 நானோநொடிதான். மேலும், பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) ரேமின் வேகத்தை உயர்த்தும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ அமைப்பை இயக்காதவரை பெட்டியில் உள்ள வேகம் கிடைக்காது. டிடிஆர்5 போட்ட கணினி முதன்முறை சில நிமிடம் இருண்ட திரையுடன் நிற்பதும் இயல்பே. பதறி மின்சாரத்தை அணைக்கக்கூடாது.

ரேமின் மேலுள்ள உயரமான வெப்பத்தகடு, ப்ராசஸரைக் குளிர்விக்கும் கூலரில் இடிக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். வண்ண விளக்குக்குக் கூடுதல் பணம் தருவது அவரவர் விருப்பம், ஆனால் அதனால் வேகம் அதிகமாகாது.

தென்னாப்பிரிக்கச் சட்டப்படி, இணையத்தில் வாங்கிய பொருள்களில் பெரும்பாலானவற்றைக் கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். கடையில் வாங்கியது பழுதானால் 6 மாதம் வரை பழுதுநீக்கம், மாற்றுப்பொருள், பணம் ஆகியவற்றில் ஒன்றைக் கேட்கலாம். தனிநபரிடம் பழையது வாங்குவோருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே அவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே ரேமை ஒரு கணினியில் பொருத்தி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை ஒரு முழுச் சுற்றாவது ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அதில் ஒரேயொரு பிழை வந்தாலும் அந்த ரேம் வேண்டாம்.