இரவில் லாரியை ஓரங்கட்டுவது எப்படி? டீசல், படுதா, தூக்கம் மூன்றும் பத்திரமாக

முதலில் இடம். வெள்ளைக் கோட்டுக்கு வெளியேதானே என்று நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் வருகிறவன் பின்னால் வந்து சொருகுவது அங்கேதான். லாரிகளுக்கென்று ஒதுக்கிய இடம், இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க ஆள் நடமாடும் பங்க். டீசல் போட்டுவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். தர்மபுரியிலிருந்து சேலம் இறங்குகிறவர்கள், கண் சொருகினால் தொப்பூர் கணவாய்க்கு முன்பே ஒதுங்கிவிடுங்கள்.

அடுத்து, டேங்க் இருக்கும் பக்கத்தைச் சுவரோடு ஒட்டி விடுங்கள். இடையில் ஆள் குந்த இடம் இருக்கக் கூடாது. மூடிக்குப் பூட்டு போட்டாச்சே என்பீர்கள். டேங்கின் அடியில் வண்டல் இறக்க ஒரு போல்ட் இருக்கும். ஸ்பானரும் கேனும் இருந்தால் போதும், பூட்டைத் தொடாமலே டீசலை இறக்கிவிடுவார்கள். டேங்கைத் தாங்கும் பிராக்கெட்டில் ஒரு தகட்டை முடுக்கி அந்த போல்ட்டை மறையுங்கள். டேங்கிலேயே வெல்டிங் வைக்க வேண்டாம். காலி டேங்க்கூட உள்ளே நிற்கும் ஆவியில் வெடிக்கும். குழாய் விட்டு உறிஞ்சுவதைத் தடுக்க டேங்க் வாய்க்குள் போடும் வலை கிடைக்கிறது. என்னைக் கேட்டால் விலையுயர்ந்த பூட்டைவிட அதுவே மேல். படுக்கும் முன் டீசல் முள்ளை போட்டோ எடுத்துவிடுங்கள்.

டர்போ வண்டியை இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். ஹேண்ட்பிரேக், கியர் (ஏற்றம் பார்த்து நின்றால் ஃபர்ஸ்ட், இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸ்), சக்கரத்துக்கு மரக்கட்டை. கல் வைத்தால் காலையில் எடுத்து ஓரமாகப் போடுங்கள், பின்னால் வரும் பைக்காரருக்கு அது எமன். பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் இருந்தால் அணையுங்கள்.

படுதா லோடு என்றால் பின்பக்கம் வெளிச்சத்தில் இருக்கட்டும். கன்டெய்னர் என்றால் சீல் எண்ணை ராத்திரியும் காலையும் ஒத்துப்பாருங்கள்.

கேபினை அடைத்துக்கொண்டு கொசுவத்தி, ஸ்டவ் இரண்டும் கூடவே கூடாது. இன்ஜினை ஓடவிட்டு ஏசியில் தூங்குவதும் அப்படித்தான். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உள்ளே கசிந்தால் வாசனையே தெரியாது. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிடுங்கள்.

பின்சேர்க்கை: காலையில் வண்டி நகரவில்லை என்று பலர் கேட்கிறார்கள். ராத்திரியில் பிரேக்குக்கான காற்று இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். இன்ஜினை ஓடவிட்டு, கேஜில் காற்று ஏறும்வரை வண்டியை நகர்த்தாதீர்கள். தினமும் இறங்கினால் எங்கோ கசிவு, சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேடுங்கள்.

இன்னொன்று: இ-வே பில்லில் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் மின்னணுச் சீட்டு) சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள், கெடு முடிவது நள்ளிரவில். படுப்பதற்கு முன்பே ஆபீசுக்கு போன் போட்டு நீட்டிக்கச் சொல்லுங்கள். முடிவதற்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும்தான் நீட்டிக்க முடியும்.