பாரிஸில் நண்பர்களோடு ஒரு பெரிய இராச்சாப்பாடு: வன்னியிலிருந்து போகிறவர்களுக்கு

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ ஒன்றாகப் படித்தவர்கள் பாரிஸில் கூடினால் முதல் இரவு தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் கொத்துரொட்டியோடு முடியும். அதில் குறையில்லை. ஆனால் ஓர் இரவை நல்ல பிரெஞ்சு உணவகத்துக்கு ஒதுக்குவதென்றால், வேலையில் முக்கால்வாசி கதிரையில் இருக்க முதலே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் நாள். ஞாயிறும் திங்களும் பல நல்ல உணவகங்கள் பூட்டு. ஓகஸ்டில் கிழமைக்கணக்கில் பூட்டுகிற இடங்களும் உண்டு. உங்களில் ஒருவருக்கு வெள்ளி சைவம் என்றால் அதையும் விடுங்கள். இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே பதியுங்கள். நாலு பேருக்கு மேசை இலகுவாகக் கிடைக்கும். எட்டுப் பேர் என்றால் தொலைபேசியில் கதைப்பதே நல்லது. பதியும்போது பல இடங்களில் கடனட்டை இலக்கம் கேட்பார்கள். சொல்லாமல் போகாமல் விட்டால் தலைக்கு இவ்வளவு என்று எடுத்துவிடுவார்கள். இலங்கை அட்டை கொண்டுபோகிறவர் வெளிநாட்டுப் பாவனைக்கு அது திறந்திருக்கிறதா என்று வங்கியில் கேட்டுவிட்டுப் புறப்பட வேண்டும்.

மாடு, பன்றி சாப்பிடாதவர்கள் அதைப் பதியும்போதே சொல்லவேண்டும். "மீன் சாப்பிடுவோம்" என்பது போதாது. மீனுக்கு ஊற்றுகிற சோஸ் கன்றெலும்பு அவித்த சாற்றில் செய்ததாக இருக்கலாம். சலாட்டில் 'லார்தோன்' என்ற பன்றித் துண்டுகள் கிடக்கலாம். இனிப்பில் ஜெலட்டின் இருக்கலாம். முன்பே தெரிந்தால் சமையல்காரர் வேறு செய்து தருவார். மேசையில் இருந்தபிறகு சொன்னால் எடுத்துவிட்டுத் தருவார், அவ்வளவுதான்.

மெனுவில் 'ஆந்த்ரே' என்பது தொடக்கத் தட்டு, 'ப்ளா'தான் பிரதானம். ரொறன்ரோவிலிருந்து வந்த நண்பர் இதில் கட்டாயம் தடுமாறுவார். அங்கே ஆந்த்ரே என்றால் பிரதானம். 'ரி' என்றால் சோறு என்று யாரோ சொல்லித்தந்திருப்பார்கள். ஆனால் 'ரி து வோ' கன்றுக்குட்டியின் சுரப்பி. 'தார்த்தார்' என்ற கொத்திய இறைச்சியோ மீனோ பச்சையாக வரும். ஆடும் வாத்தும் நடுவில் சிவந்தபடி வரும். நன்றாக வேகவேண்டுமென்றால் 'பியன் குயி' என்று சொல்லுங்கள்.

'தெகுஸ்தாசியோன்' எடுத்தால் ஆறேழு சின்னத் தட்டுகள், ஏறக்குறைய மூன்று மணித்தியாலம். மேசையில் எல்லாரும் அதையே எடுக்கவேண்டும் என்பது பல இடங்களில் நிபந்தனை. முதல் தட்டைப் பார்த்து "இவ்வளவுதானா" என்று பாணால் வயிற்றை நிரப்பினால் ஐந்தாவது தட்டுக்கு இடமிராது. கத்தி, கரண்டிகளை வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே எடுத்து வாருங்கள். சாப்பிட்டு முடிந்ததும் கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் தட்டில் சேர்த்து வையுங்கள். விரித்து வைத்தால் இன்னும் சாப்பிடுகிறீர்கள் என்று நினைப்பார்கள். உங்கள் ஒருவரால் முழு மேசைக்கும் அடுத்த தட்டு வராது.

தண்ணீருக்கு 'கராஃப் தோ' என்று கேளுங்கள்: குழாய்த் தண்ணீர், காசில்லை. வெறுமனே தண்ணீர் என்றால் போத்தல் வந்து பில்லில் ஏறக்கூடும்.

பில் கேட்காமல் வராது: 'லாடிசியோன், சில் வூ ப்ளே.' வரியும் சேவைக்காசும் விலைக்குள்ளேயே இருக்கின்றன. மேலே வைப்பது உங்கள் விருப்பம். "நான்தான் குடுப்பன்" என்ற இழுபறியைப் பதிகிற அன்றே தீர்த்து, ஒருவர் அட்டையால் கட்ட மற்றவர்கள் பிறகு கணக்குப் பார்ப்பதே சுகம்.

கோப்பி இனிப்புக்குப் பிறகுதான் வரும். புறநகரில் தங்கியிருந்து கடைசி ரயில் நெருங்கிவிட்டதென்றால், கோப்பியை வீட்டில் குடியுங்கள்.