ஊருக்கே செல்லமான விலங்குக்குச் சிலை வைப்பது எப்படி

சிலை பேச்சு பெரும்பாலும் விலங்கு இறந்த பிறகுதான் எழுகிறது. அதற்குள் அளவெடுக்க வழியில்லாமல் போய்விடும். உயிரோடு இருக்கும்போதே நான்கு பக்கமும், அதன் கண் மட்டத்தில் கேமராவை வைத்து, ஒரே தூரத்திலிருந்து படமெடுத்துவிடுங்கள். தோள் உயரம், மூக்கு நுனியிலிருந்து வாலின் அடி வரை நீளம், மார்புச் சுற்றளவு, காது நீளம் நான்கையும் குறித்து வையுங்கள். மடிந்த காது, தழும்பு, குட்டையான வால் எதையும் விடாதீர்கள். இவை இல்லாவிட்டால் சிற்பி ஏதோ ஒரு நாயைத்தான் செய்வார். பழகியவர்களுக்கு அது தங்கள் நாயாகத் தெரியாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், அது எங்கே, எப்படி இருந்தது என்பது. இஸ்தான்புல்லின் டோம்பிலி என்ற பூனை நடைபாதைப் படியில் ஒரு முழங்கையை ஊன்றிச் சாய்ந்திருக்கும். அது 2016-இல் இறந்ததும் அதே இடத்தில், அதே சாய்வில் சிலை வைத்தார்கள். டோக்கியோவில் ஹச்சிகோ என்ற நாய், இறந்துபோன தன் எஜமானருக்காகக் காத்திருந்த ஷிபுயா ரயில் நிலையத்தின் வாசலில்தான் அதன் சிலையும் இருக்கிறது. பூங்காவில் இடம் எளிதாகக் கிடைக்கிறதே என்று சிலையை அங்கே கொண்டுபோகாதீர்கள். விலங்கின் உண்மை அளவே போதும். பீடம் 60 செ.மீ.க்குள் இருந்தால் குழந்தையின் கைக்கு எட்டும். சக்கர நாற்காலி கடக்கச் சுற்றிலும் ஒன்றரை மீட்டர் விடுங்கள்.

பலகையில் எழுதும் கதையை, விலங்கைத் தினமும் பார்த்த இருவராவது தனித்தனியாகச் சொல்லி உறுதிசெய்ய வேண்டும். அழகுக்காகச் சேர்த்த ஒரு வரி பொய்யென்று பின்னால் தெரிந்தால் மற்ற வரிகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

உலோகம் வெண்கலமாக இருக்கட்டும். சிலை வார்ப்பில் பரவலாகப் பயன்படும் சிலிக்கன் வெண்கலத்தில் செம்பு சுமார் 95, சிலிக்கன் 4, மாங்கனீசு 1 விழுக்காடு. பணம் போதாவிட்டால் பெரிய ஃபைபர் சிலையைவிடச் சிறிய வெண்கலச் சிலையே மேல். வெயிலில் ஃபைபரின் மேற்பூச்சு வெளுத்து வெடிக்கும். மெழுகு உருவைச் சுற்றி அச்செடுத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவதுதான் மெழுகு வார்ப்பு. அதில் உள்ளீடற்ற சிலையின் சுவர்க் கனம் எங்கும் சுமார் 5 மி.மீ. இருக்க வேண்டும். திடீரென்று தடித்தோ மெலிந்தோ போனால், ஆறும்போது அந்த இடத்தில் விரிசல் விழும். உருகிய வெண்கலம் இறுகும்போது ஏறத்தாழ 2 விழுக்காடு சுருங்கும் என்பதால் களிமண் உருவைச் சற்றுப் பெரிதாகச் செய்யச் சொல்லுங்கள். வாலை உடலோடு ஒட்டி வையுங்கள். தனியே நீட்டியிருந்தால் முதலில் உடைவது அதுதான். உள்ளே இரும்புக் கம்பி எதுவும் தங்கிவிடக் கூடாது. அது துருப்பிடித்து வெளியே கறை கசியும், உப்பி வெண்கலத்தையும் பிளக்கும். உள்ளே சேரும் நீர் வடிய அடியில் ஒரு துளை கட்டாயம்.

12 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள் நான்கு, கல்லுக்குள் 15 செ.மீ. ஆழம், எபாக்சி பசை: சிலையைப் பீடத்தில் பொருத்துவதில் இதற்குக் குறையாதீர்கள். டோம்பிலியின் சிலை வைத்த சில வாரங்களிலேயே திருடுபோய்த் திரும்பி வந்தது.

அனுமதி கேட்கும்போதே சிலை யாருக்குச் சொந்தம், யார் பராமரிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பலரும் தவறவிடுவது இதைத்தான். ஆண்டுக்கொரு முறை மென்மையான சோப்பு, மெல்லிய தூரிகை, நன்றாகக் காய்ந்த பின் மெழுகுப் பூச்சு, அவ்வளவே. உலோகத்தைப் பளபளப்பாக்கும் பசை மேல்நிறத்தை அழித்துவிடும். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உள்ள பாபி என்ற நாயின் சிலையில் மூக்கைச் சுற்றுலாப் பயணிகள் தேய்த்துத் தேய்த்து நிறம் போய்விட்டது; 2013-இல் சீர்செய்தும் விரைவிலேயே மறுபடி தேய்ந்தது. மக்கள் எப்படியும் தொடுவார்கள். அதனால் தொடத் தோதாக முன்னங்கால் ஒன்றைத் தடிமனாக வார்த்து, பீடத்தின் விளிம்பில் நீட்டி வையுங்கள்.

ஷிபுயாவில் ஆண்டுதோறும் ஏப்ரல் 8 அன்று ஹச்சிகோவுக்கு நினைவு நிகழ்ச்சி நடக்கிறது. நீங்களும் ஒரு தேதியைக் குறித்து, அன்றே சிலையைக் கழுவி மெழுகிடுங்கள். பராமரிப்பும் தவறாது, புதிய தலைமுறையும் கதையைக் கேட்கும். ஹச்சிகோவின் முதல் சிலை 1934-இல் நிறுவப்பட்டு, போர்க்காலத்தில் உலோகத்துக்காக உருக்கப்பட்டது. முதல் சிற்பி ஆண்டோ தெருவின் மகன் தகேஷி 1948-இல் மறுபடி செய்தார். எல்லா ஊருக்கும் அப்படியொரு மகன் வாய்க்கமாட்டார். அச்சு, அளவுக் குறிப்பு, படங்கள், முப்பரிமாண ஸ்கேன் கோப்பு எல்லாவற்றிலும் ஒரு படியை நூலகத்திலும் இன்னொன்றை வார்ப்புப் பட்டறையிலும் வைத்துவிடுங்கள்.