சூடு தாங்காத இனிப்பு: என் அனுபவம்

சர்க்கரை நோய்க்காகச் சர்க்கரையை விட்டு அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பூட்டி மாத்திரைக்கு மாறியபோது, பாலில் போட்டுக் கொதிக்கவைத்தால் இனிப்பு பெருமளவு குறைந்துவிடுவதைக் கவனித்தேன். குறைவை ஈடுகட்ட மாத்திரைகளைக் கூட்டிக்கொண்டே போவது எனக்குச் சரியாகப் படவில்லை. சர்க்கரையைவிடச் சுமார் 200 மடங்கு இனிக்கும் அஸ்பார்டேம், நீடித்த வெப்பத்தில் சிதைந்து இனிப்பை இழப்பதுதான் காரணம். எனவே இப்போது பானத்தை அடுப்பிலிருந்து இறக்கிக் கோப்பையில் ஊற்றி, குடிக்கும் பதத்துக்கு ஆறிய பிறகே மாத்திரையைக் கலக்குகிறேன். ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

பாதுகாப்பு குறித்த அச்சமும் எனக்கு இருந்தது. 2023 ஜூலையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதனை ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற 2பி பிரிவில் சேர்த்தது. ஆனால் அதே வேளையில் உணவுச் சேர்க்கைப் பொருட்களுக்கான பன்னாட்டு வல்லுநர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றாமல் வைத்துக்கொண்டது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 2,400 மில்லிகிராம். சில கோப்பைப் பானம் அதன் அருகில்கூட வராது. பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் இதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

உடல் எடையைக் கட்டுப்படுத்துவதற்காக இவ்வகை இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என 2023 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குரியதன்று. பொட்டலத்தில் வரும் பொடிகளை வாங்குவோர், அளவைப் பெருக்கச் சேர்க்கப்படும் டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் ஆகியவற்றிலும் சிறிதளவு கலோரி உண்டு என்பதால், உட்பொருள் பட்டியலைப் படித்துவிட்டே வாங்க வேண்டும்.