ஒன்றரை வயதோடு பீரோவுக்குள் போகும் அட்டை

பிள்ளை பிறந்த முதல் வருடம் தடுப்பூசி அட்டையை நகைக்கு நிகராகப் பாதுகாப்போம். ஒன்றரை வயது ஊசி முடிந்ததும் அது பழைய ரேஷன் கார்டுகளுக்கு அடியில் போய்விடும். தடுப்பூசியே வேண்டாம் என்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. எல்லாம் போட்டாகிவிட்டது என்று நம்புகிறவர்கள்தான் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

நம் நாட்டு அட்டவணைப்படி, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி (டெட்டனஸ்) மூன்றையும் தடுக்கும் முத்தடுப்பு ஊசியின் முதல் பூஸ்டர் 16 முதல் 24 மாதத்துக்குள். இரண்டாவது 5 முதல் 6 வயதில். அதன்பின் 10 வயதிலும் 16 வயதிலும் ரணஜன்னி, தொண்டை அடைப்பான் இரண்டுக்கும் சேர்த்து ஓர் ஊசி உண்டு. சிறுவயதில் போட்ட ஊசியின் காப்பு வருடம் செல்லச் செல்லத் தேய்வதால்தான் இந்த ஏற்பாடு. ஐந்து வயதில் சீருடை, புத்தகப் பை, பள்ளிக் கட்டணம் என்று ஓடுகிறோம். ஊசி நினைவுக்கு வருவதில்லை. பத்தாம் வகுப்பு முடித்த பையனுக்கு ஊசி என்றால் வீட்டில் சிரிப்பார்கள்.

அடுத்தது, சளியைக் காரணம் காட்டித் தள்ளிப்போடுவது. அரசு சுகாதார நிலையங்களில் புதன்கிழமை ஊசி நாள். இந்தப் புதன் மூக்கு ஒழுகுகிறது, அடுத்த புதன் ஊரில் திருவிழா, அதற்கடுத்து மாமியார் வீட்டு விசேஷம். இலேசான சளியும் இருமலும் ஊசிக்குத் தடையல்ல. காய்ச்சல் கடுமையாக இருந்தால் மட்டும் மருத்துவர் தள்ளிவைப்பார். தவணை தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் எல்லா மருந்தும் நமக்காகக் காத்திருக்காது. மஞ்சள் காமாலை பி வகைக்கான பிறப்புத் தவணையை 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்தை ஒரு வயதுக்குள் தொடங்கியாக வேண்டும்.

மாதக் கணக்கிலும் ஒரு சிக்கல். 'ஒன்பது நடக்கிறது' என்பதும் 'ஒன்பது முடிந்தது' என்பதும் வேறு. தட்டம்மை-ரூபெல்லா ஊசி ஒன்பது மாதம் நிறைந்த பிறகுதான். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் குழந்தையின் உடலில் மிச்சமிருந்தால், முந்திப் போட்ட மருந்தை அதுவே செயலிழக்கச் செய்துவிடலாம்.

காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்ட இடத்தில் சில வாரங்களில் சிறு கட்டி எழும்பிச் சீழ் வைப்பது இயல்பு. பிதுக்காதீர்கள், மஞ்சளும் காபித்தூளும் வேண்டாம். போலியோ முகாமில் சொட்டு மருந்து கொடுத்துவிட்டதால் வழக்கமான தவணையை விட்டுவிடவும் கூடாது. முகாமில் தருவது கூடுதல்தான்.

பெண் குழந்தைகளுக்கு இன்னொன்று: கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசி. 'கல்யாண வயதில் பார்த்துக்கொள்ளலாம்' என்பது தலைகீழான கணக்கு. அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி கிருமி உடலுக்குள் வருமுன் போட்டால்தான் முழுப் பயன். ஆகவே 9 முதல் 14 வயதே ஏற்றது. பதினைந்தைத் தாண்டினால் தவணைகளின் எண்ணிக்கையும் கூடலாம்.

அட்டையை இன்றே கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். தொலைந்துவிட்டதா? ஊசி போட்ட நிலையத்தின் பதிவேட்டில் பார்க்கச் சொல்லிக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். அங்கும் இல்லையென்றால் மருத்துவர் வயதுக்கேற்பப் புதிதாகத் திட்டமிட்டுத் தருவார். 'போட்ட மாதிரி ஞாபகம்' என்று பாட்டி சொல்வதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்.