‘தி கிரேட் டிரெயின் ராபரி’யைச் சரியான வேகத்தில் திரையிட

எட்வின் எஸ். போர்ட்டர் 1903-இல் எடிசன் நிறுவனத்துக்காக எடுத்த கௌபாய் மௌனப்படம் இது. மொத்த நீளம் 740 அடிதான், ஒரு ரீல்கூட நிரம்பாது. கிடைத்த பிரதியை அப்படியே ஓட்டினால் ஆட்கள் விறுவிறுவென்று ஓடிச் சிரிப்பு மூட்டலாம். அது படத்தின் குறை அல்ல, வேகத்தின் குறை.

35 மி.மீ. ஃபிலிமில் அடிக்கு 16 ஃபிரேம், அதாவது தனித்தனிப் படங்கள். ஆக 740 அடிக்கு 11,840. நொடிக்கு 16 ஃபிரேம் வீதம் ஓட்டினால் 12 நிமிடம் 20 நொடி ஆகும். 18 என்றால் ஏறக்குறைய 11 நிமிடம். பேசும்பட வேகமான 24-இல் எட்டேகால் நிமிடத்தில் முடிந்துவிடும். பின்னாளில் சேர்த்த பெயர் அட்டைகளைக் கழித்துவிட்டுப் பிரதியின் நீளத்தைப் பாருங்கள். எட்டு நிமிடத்தை ஒட்டி இருந்தால் உடனே வேகத்தைக் குறைக்காதீர்கள்; வெட்டுப்பட்ட பிரதியாகவும் இருக்கலாம். காட்சிகளை எண்ணுங்கள்: எடிசன் நிறுவனத்தின் படப் பட்டியல்படி 14 இருக்க வேண்டும். எல்லாம் இருந்தால் விஎல்சி வீடியோ பிளேயரில் வேகத்தை 0.75 ஆக்குங்கள், 18 ஃபிரேம் கணக்கு வரும், 0.67 என்றால் 16. பின்னணி இசையும் கூடவே இழுபடும் என்பதால் ஒலியை அணைத்து, இசையைத் தனியே போடுவது நல்லது.

16-ஆ 18-ஆ? கேமராவைக் கையால் சுற்றிய காலம், கறாரான ஒரே எண் கிடையாது. நடனக் கூடக் காட்சியை ஓட்டி, கால்கள் இயல்பாக விழும் வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குதிரைத் துரத்தலை நம்ப வேண்டாம், அது எந்த வேகத்திலும் நன்றாகத்தான் இருக்கும்.

சில பிரதிகளில் நீளத்தைக் கூட்ட ஃபிரேம்களை இரட்டித்திருப்பார்கள். அதை மேலும் மெதுவாக்கினால் படம் திக்கித் திக்கி நகரும். ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். ஒரே படம் சீரான இடைவெளியில் இரண்டிரண்டு முறை வந்தால் வேகத்தைத் தொடாதீர்கள்.

கொள்ளைத் தலைவனாக வரும் ஜஸ்டஸ் டி. பார்ன்ஸ் நம்மை நோக்கிச் சுடும் குளோஸ்-அப் முதலிலும் வரலாம், கடைசியிலும் வரலாம். அந்த முடிவைத் திரையிடுபவருக்கே எடிசன் பட்டியல் விட்டிருந்தது. கடைசியில் வைப்பதுதான் சரி: கொள்ளையர் எல்லோரும் செத்த பிறகு அவன் சுடும்போதுதான் தூக்கிவாரிப்போடும்.

துப்பாக்கிப் புகையிலோ பாவாடையிலோ வண்ணம் தெரிந்தால் பிரதியை ஒதுக்காதீர்கள். அக்காலத்திலேயே கையால் தீட்டி விற்றார்கள். புரொஜெக்டரின் கான்ட்ராஸ்ட்டை மூன்றாம் காட்சியில் நிறுத்திச் சரிசெய்யுங்கள். சரக்குப் பெட்டியின் திறந்த கதவுக்கு வெளியே மரங்கள் ஓடுவது தனியாக எடுத்து ஒட்டிய படம். அது வெளுத்துப்போனால் ரயில் நிற்பதுபோல் ஆகிவிடும்.